ப்ராசஸர் 69 டிகிரி, ஆனாலும் விக்கல்

நேற்று இரவு தம்பி இரண்டே முக்கால் மணி நேரம் விடாமல் கம்ப்யூட்டரில் கேம் ஆடினான். படம் நடுவில் உறைந்து நிற்கும் விக்கல் ஒன்றுகூட இல்லை. அவன் எழுந்து போனதும், ப்ராசஸரின் வேகம், சூடு எல்லாம் எழுதப்படும் பதிவுக் கோப்பைத் திறந்தேன். ஏறக்குறைய 49,500 வரிகள். கடிகார வேகம் இருக்கும் பத்தியில் ஆகக் குறைந்த எண்ணைத் தேடினேன்: 4,289 மெகாஹெர்ட்ஸ். அந்த இடத்தில் 800 என்று இல்லாமல் ஒரு கோப்பைப் பார்க்க எனக்கு ஆறு வாரம் பிடித்தது. அந்த ஆறு வாரத்தில் ஐந்து வாரம் தப்பான இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தேன், அதனால்தான் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

மெஷின் இதுதான். இன்டெல் ஐ7-10700, 8 கோர், 16 த்ரெட். அடிப்படை வேகம் 2.9 கிகாஹெர்ட்ஸ், எல்லா கோரும் சேர்ந்து ஓடினால் 4.6. பி460 சிப்செட் மதர்போர்டு, இருப்பதிலேயே சின்ன ரகம். இரண்டு 8 ஜிபி ரேம், நடுத்தரமான கிராஃபிக்ஸ் கார்டு, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். தம்பி ஆடுவது ஊர் முழுக்க காரில் சுற்றும் கேம். வண்டி வேகமாகப் போகும்போது ப்ராசஸருக்கு நல்ல வேலை இருக்கும்.

ஆரம்பத்தில் பெட்டியோடு வந்த கூலர்தான் இருந்தது. அப்போது விக்கல் இல்லை, வேறு குறை இருந்தது. இந்த ப்ராசஸருக்கு நீண்ட நேர மின் வரம்பு 65 வாட். பயாஸில், அதாவது போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடத்தில், பிஎல்1 என்று இருக்கும். குறுகிய நேர வரம்பான பிஎல்2 224 வாட். அந்த அதிக வரம்பு நீடிக்கும் நேரத்துக்கு டாவ் என்று பெயர், அது 28 நொடி. கனமான வேலை கொடுத்தால் அரை நிமிடம் 4.6இல் பறக்கும், பிறகு 65 வாட்டுக்கு இறங்கி 3.8, 3.9 என்று ஓடும். வடிவமைப்பே அப்படித்தான், பழுது கிடையாது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

240 மில்லிமீட்டர் லிக்விட் கூலர் ஒன்று வாங்கினேன். ரேடியேட்டரை கேபினெட்டின் முன்பக்கம் மாட்டினேன். பயாஸுக்குள் போய் பிஎல்1, பிஎல்2 இரண்டிலும் 4095 என்று போட்டேன், வரம்பே வேண்டாம் என்று சொல்வதற்கான எண் அது. ப்ராசஸரின் திறனுக்கு மார்க் போடும் சினிபெஞ்ச் ஆர்23ஐ ஒரு தடவை ஓட்டியதில் 12,180 வந்தது, சூடு 68 டிகிரி. பத்து நிமிடம் தொடர்ந்து ஓட்டும் சோதனை அதே ஜன்னலில்தான் இருக்கிறது. அதைத் தொடவில்லை. மார்க்கைப் பார்த்த சந்தோஷத்தில் மூடிவிட்டேன். அன்று அந்தப் பத்து நிமிடத்தை ஓட்டியிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இருந்திருக்காது.

பத்து நாள் கழித்து உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"அண்ணா, கேம் நடுவுல நின்னு நின்னு போகுது."

"நெட் பிரச்சனையா இருக்கும்டா."

"இது ஆஃப்லைன் கேம்ண்ணா."

போய் உட்கார்ந்து பார்த்தேன். படம் ஒரு நொடி உறைகிறது, கூடவே சத்தமும் கரகரவென்று இழுக்கிறது, பிறகு எதுவும் நடக்காதது போல ஓடுகிறது. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு ஃப்ரேமும் வர எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஃப்ரேம் டைம் வரைபடத்தைத் திரையில் போட்டேன். வழக்கமாக ஒரு ஃப்ரேமுக்கு 9 மில்லிசெகண்டு, அதாவது நொடிக்கு 110 ஃப்ரேம் (எஃப்பிஎஸ்) சொச்சம். விக்கும்போது ஒரே ஒரு ஃப்ரேம் 600 மில்லிசெகண்டு எடுத்துக்கொள்கிறது. சராசரி எஃப்பிஎஸ் 112 என்று அழகாக நிற்கிறது. 0.1 சதவீத லோ, அதாவது ஆக மெதுவான 0.1 சதவீத ஃப்ரேம்களின் எஃப்பிஎஸ், மட்டும் 9. இந்த மாதிரி நோய்க்குச் சராசரியைப் பார்த்துப் பிரயோஜனமே இல்லை.

முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். கிராஃபிக்ஸ் டிரைவரைச் சுத்தமாகக் கழற்றிவிட்டு மறுபடி போட்டேன். பலன் இல்லை. படத்தை வரையும் சின்ன நிரல்களான ஷேடர்கள் முதல் முறை கம்பைல் ஆவதால் வரும் விக்கலோ என்று பார்க்க, ஒரே தெருவில் ஐந்து முறை வண்டி ஓட்டினேன். ஷேடர் விக்கல் என்றால் முதல் முறை வரும், இரண்டாம் முறை அதே இடத்தில் வராது. இங்கே முதல் மூன்று முறை வரவில்லை, நாலாவதில் வந்தது. அப்போதே ஒரு விஷயம் எனக்கு உறைத்திருக்க வேண்டும். கேமைத் திறந்து முதல் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் விக்கலே வருவதில்லை. தம்பியும் இரண்டு முறை சொன்னான். காதில் வாங்கினேன், மண்டையில் ஏற்றவில்லை.

அடுத்து ரேம். இதில் உண்மையிலேயே ஒரு ஓட்டை அகப்பட்டது. கூலர் மாற்றியபோது பயாஸை ரீசெட் செய்திருந்தேன், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு அணைந்துபோய் 3200 ரேம் 2133இல் ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்எம்பியைப் போட்டேன். பி460 போர்டில் ஐ7க்கு 2933தான் உச்சம், அதற்கு மேல் விடாது. அதுவே 1 சதவீத லோவை 64இலிருந்து 71க்குத் தூக்கியது. ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மென்மையானது. ஆனால் விக்கல் அப்படியே. ஒரு கோளாறைத் தேடும்போது வேறொரு கோளாறு கிடைத்தால் அதுதான் காரணம் என்று நம்பத் தோன்றும். நானும் ஒரு நாள் முழுக்க நம்பினேன்.

பிறகு செய்த தவறுதான் இருப்பதிலேயே பெரியது. கூலரின் பம்ப் ப்ராசஸர் மேல் சரியாக உட்காரவில்லையோ என்று சந்தேகம். 69 டிகிரியில் சந்தேகத்துக்கே இடமில்லை, இருந்தாலும் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகப் போட்டு மாட்டினேன். தகட்டை மூடாமலே கேமை ஓட்டினேன். நாற்பது நிமிடம், விக்கல் இல்லை! சூடு 67. பேஸ்ட்தான் காரணம் என்று தீர்ப்பெழுதி, தகட்டை மூடி, திருகுகளை முறுக்கிவிட்டுப் படுத்தேன். இரண்டு நாளில் பழைய குரல், "அண்ணா, திரும்பவும் நின்னுடுச்சு." பேஸ்ட்டை மறுபடி மாற்றினேன். மறுபடி தகடு திறந்திருக்க நன்றாக ஓடியது, மூடியதும் விக்கியது. அப்போதும் எனக்குத் தகடு தெரியவில்லை, பேஸ்ட்தான் தெரிந்தது. பேஸ்ட் தரமில்லை என்று இன்னொரு குழாய் வாங்கலாம் என்றுகூட இருந்தேன்.

நடுவில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நண்பரிடம் எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்கு மின்சாரம் தரும் பெட்டியை, இரவல் வாங்கி மாற்றிப் பார்த்ததில் அரை நாள் போனது. எந்த டிரைவர் தாமதம் செய்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் போட்டதில் நெட்வொர்க் டிரைவர் மேல் பழி விழுந்தது. நெட்வொர்க்கையே அணைத்தும் விக்கியது. கேமை வேறு எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். கடைசியாக விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். ஒன்றும் இல்லை.

திருப்பம் ஒரு பழைய வித்தையால் வந்தது. விண்டோஸ் பவர் பிளானில் ப்ராசஸரின் அதிகபட்ச நிலை என்று ஒன்று உண்டு, வழக்கமாக 100 சதவீதம். அதை 99 ஆக்கினால் அடிப்படை வேகத்துக்கு மேல் ஓடும் டர்போ அணைந்துவிடும். லேப்டாப் சூட்டைக் குறைக்கப் பலரும் செய்வது. வேறு எதுவும் தோன்றாமல் அதைப் போட்டேன். வேகம் 2.9இல் நின்றது, சராசரி 83க்கு விழுந்தது. ஆனால் ஒன்றரை மணி நேரம், தகடு மூடியபடி, ஒரு விக்கல் இல்லை. ப்ராசஸர் குடித்தது வெறும் 42 வாட். அதற்கு முன்பு 105, 110. நிமிர்ந்து உட்கார்ந்தேன். சூடு பிரச்சனை இல்லை, மின்சாரம்தான் பிரச்சனை. அதுவும் மின்சாரம் போகும் வழியில்.

100க்குத் திருப்பி வைத்துவிட்டு, சென்ஸார் எண்களைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பதிவு எடுத்தேன். உண்மையில் முதல் வாரமே ஒன்று எடுத்திருந்தேன், அதில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. அந்த மென்பொருள் இயல்பாக 2000 மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான் எட்டிப் பார்க்கும். முக்கால் நொடி நிகழ்ச்சி இரண்டு பார்வைக்கு நடுவே நடந்து முடிந்துவிடும். இடைவெளியை 200 ஆக்கினேன். தேவையில்லாத சென்ஸார்களை அணைத்தேன், இல்லையென்றால் பதிவெடுப்பதே ஒரு சுமை. பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வைத்தேன். சாதாரண பிளானில் சும்மா இருக்கும்போது வேகம் 800க்கு இறங்குவது இயல்பு, இதில் இறங்காது. ஆகவே பதிவில் 800 வந்தால் அது ஓய்வாக இருக்க முடியாது.

பதினேழாவது நிமிடத்தில் வந்தது. மூன்று வரிகள்: 4,589, பிறகு 800, 800, 800, பிறகு 4,590. வாட் 108இலிருந்து 14க்கு விழுந்து ஏறியது. சூடு 69இலிருந்து 52. வலதுபக்கம் எங்கோ ஓரத்தில், வேகம் ஏன் குறைக்கப்பட்டது என்று காரணம் சொல்லும் பத்திகள் இருக்கின்றன. எல்லாம் 'இல்லை' என்று இருக்க, அந்த மூன்று வரியில் மட்டும் 'விஆர் தெர்மல் அலெர்ட்' என்ற பத்தியில் 'ஆம்'.

விஆர் என்பது விஆர்எம். எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டை ப்ராசஸருக்கு வேண்டிய ஒரு வோல்ட் சொச்சமாக மாற்றும் பகுதி, போர்டில் ப்ராசஸருக்கு இடப்பக்கமும் மேலேயும் வரிசையாக இருக்கும் கறுப்புச் சில்லுகள். என் போர்டில் அவற்றின் மேல் ஹீட்சிங்க் கிடையாது. அவை தாங்காத சூட்டுக்குப் போனதும் 'நிறுத்து' என்று சைகை கொடுக்கின்றன, ப்ராசஸர் 800க்கு விழுகிறது, கொஞ்சம் ஆறியதும் மறுபடி ஓடுகிறது. பழைய பெட்டிக் கூலரின் விசிறி மேலிருந்து கீழே ஊதும். அந்தக் காற்று போர்டில் மோதி நாலு பக்கமும் சிதறும்போது விஆர்எம்மையும் தடவிக்கொண்டு போகும். அதை நான் கழற்றிவிட்டேன். அதே நாளில் 65 வாட் வரம்பையும் எடுத்துவிட்டேன். முன்பக்க ரேடியேட்டர் வழியாக வருவதோ ஏற்கெனவே சூடான காற்று. போதாக்குறைக்கு, பின்பக்க 120 மில்லிமீட்டர் விசிறியின் வேகம் ப்ராசஸர் சூட்டோடு கட்டப்பட்டிருந்தது. ப்ராசஸர்தான் குளுகுளுவென்று இருக்கிறதே, விசிறி நிமிடத்துக்கு 500 சுற்றில் தூங்கிக்கொண்டிருந்தது. போர்டு செய்த கம்பெனியைத் திட்ட எனக்கு வாயில்லை. கைவைத்தது நான்.

சூட்டை அளக்க வேண்டும், ஆனால் இந்த போர்டில் விஆர்எம்முக்கு சென்ஸார் இல்லை. முதலில், தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி. 83 டிகிரி காட்டியது. அதற்காகத் தகட்டைத் திறந்திருந்தேன் என்பது பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. அந்தத் தகடு என்னை ஏமாற்றியது மூன்றாவது முறை. பிறகு மல்டிமீட்டரோடு வந்த, சூட்டை அளக்கும் கே-டைப் கம்பியை எடுத்தேன். மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கம்பியின் நுனிக் குமிழ் ஒரு சில்லின் முதுகில் மட்டும் தொடும்படி வைத்து, மேலே சூடு தாங்கும் காப்டான் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டினேன். குமிழ் உலோகம். பக்கத்துக் காலில் பட்டால் போர்டு போச்சு. கம்பியை பின்பக்கக் காலி ஸ்லாட் வழியாக வெளியே எடுத்து, தகட்டை மூடினேன். கேம் ஓடியது. 5 நிமிடத்தில் 88, 10 நிமிடத்தில் 103, 16இல் 112. மீட்டரைப் பார்த்துக்கொண்டே, "இப்ப நிக்கும் பாரு," என்றேன். நின்றது. தம்பி திரும்பி என்னைப் பார்த்த பார்வைக்கு இந்த ஆறு வாரமும் தகும். மேல்தோலில் 112 என்றால் சில்லின் உள்ளே இன்னும் அதிகம் இருக்கும்.

இனி சரிசெய்வது. பிஎல்1, பிஎல்2 இரண்டையும் 65 ஆக்கினேன்: 74 டிகிரி, விக்கல் இல்லை, சராசரி 101. பிஎல்1 80: 87 டிகிரி, சராசரி 106. பிஎல்1 95: 101 டிகிரி, சராசரி 110. ஒரு மணி நேரம் நன்றாக ஓடியது, மறுநாள் அறை சூடாக இருந்த மதியத்தில் இரண்டு முறை விக்கியது. 80இலேயே விட்டிருந்தால் வேலை முடிந்தது. பெரும்பாலானோருக்கு இதுவே போதும், காசும் ஆகாது. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே.

ஒட்டும் வகைச் சின்ன அலுமினிய ஹீட்சிங்குகள் ஒரு பொட்டலம் வாங்கி எட்டை ஒட்டினேன். 6 டிகிரி குறைந்தது. மூன்றாம் நாள் கேபினெட்டைத் திறந்தால் ஒன்று கிராஃபிக்ஸ் கார்டின் முதுகில் கிடக்கிறது. போர்டு செங்குத்தாக நிற்கிறது, டேப் சூட்டில் இளகியிருக்கிறது. முதுகுத் தகட்டில் விழுந்ததால் தப்பியது, கொஞ்சம் தள்ளி விழுந்து ஏதாவது இரண்டு காலை இணைத்திருந்தால் கதையே வேறு. எட்டையும் பிடுங்கிப் போட்டேன். அது முழு வீண் செலவு.

கடைசியில் கைகொடுத்தது பரணில் கிடந்த பழைய கேபினெட்டின் 80 மில்லிமீட்டர் விசிறி. பின்பக்க விசிறிக்கும் மேல்தட்டுக்கும் நடுவே, விஆர்எம்மை நேராகப் பார்த்து ஊதும்படி நாலு கேபிள் டையால் கட்டினேன். சில்லுகளிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் தூரம். மாட்டியதும் ஹெலிகாப்டர் சத்தம். அது 3-பின் விசிறி, போர்டின் ஃபேன் சாக்கெட், 4-பின் விசிறிகளுக்கான பிடபிள்யூஎம் முறையில் இருந்தது. அந்த முறையில் 3-பின் விசிறிக்கு எப்போதும் முழு 12 வோல்ட் போகும். பயாஸில், வோல்ட்டைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும் டிசி முறைக்கு மாற்றியதும் அடங்கியது. 1,400 சுற்றில் நிறுத்தினேன். பின்பக்க விசிறியையும் ப்ராசஸர் சூட்டிலிருந்து விடுவித்து நிரந்தரமாக 900இல் வைத்தேன்.

பிஎல்1 100, பிஎல்2 125, டாவ் 28. தகடு மூடியபடி இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு விஆர்எம் 73 டிகிரி. கேமில் சராசரி 110, 1 சதவீத லோ 83, 0.1 சதவீத லோ 58. வரம்பில்லாமல் ஓடியபோது சராசரி 112. அந்த இரண்டு எஃப்பிஎஸ்ஸுக்காகத்தான் இத்தனை பாடு. சினிபெஞ்சை இந்தத் தடவை ஒழுங்காகப் பத்து நிமிடம் ஓட்டினேன், 11,050. பழைய 4095ஐ வைத்து, புது விசிறியைப் பிடுங்கிவிட்டு அதே பத்து நிமிடம் ஓட்டினால் 9,400. வரம்பே வேண்டாம் என்றபோது கிடைத்தது குறைவு.

அடுத்த முறை லிக்விட் கூலர் வாங்க மாட்டேன். அதன் விலை என் போர்டின் விலையைவிட அதிகம். அந்தப் பணத்தை போர்டில் போட்டு, விஆர்எம் மேல் கனமான ஹீட்சிங்க் இருப்பதாக வாங்கி, நடுத்தரக் காற்றுக் கூலர் போதும் என்று விட்டிருப்பேன். சோதனை எல்லாம் தகடு மூடியபடிதான். பதிவு முதல் நாளே 200 மில்லிசெகண்டில். பயாஸில் எதை மாற்றினாலும் பழைய எண்ணை ஒரு தாளில் எழுதிவிட்டுத்தான் மாற்றுவேன். இந்தத் தடவை 65ஐ எழுதி வைக்கவில்லை, தேடித்தான் எடுத்தேன்.

விசிறி கேபினெட் உடம்போடு உரசும் இடத்தில் மெல்லிய ஹம் இருக்கிறது. இடையில் ரப்பர் வைக்க வேண்டும். மீட்டர் கம்பி இன்னும் பின்பக்க ஸ்லாட்டில் தொங்குகிறது.

"அத எடுத்துடலாமாண்ணா? பார்க்க ஆஸ்பத்திரி பேஷண்ட் மாதிரி இருக்கு."

மல்டிமீட்டரின் 9 வோல்ட் பேட்டரி தீரும்வரை இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.